இடைவிடாத சுற்றுப்பயணம் அயர்ன் மெய்டன் குழுவை வளர்த்ததா, வருத்தியதா?

நொய்யல்கரை (கோவை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் இயங்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். மாசியில் தொடங்கி வைகாசி வரை கோயில் திருவிழா மேடைகள், மற்ற மாதங்களில் திருமண வரவேற்புகள் என்று ஆண்டு ஓடிவிடும். இதற்கு வெளியே நாங்கள் நால்வர் சேர்ந்து கல்லூரி விழாக்களில் ராக் இசையும் வாசித்து வருகிறோம். சென்ற பங்குனியில் அந்தியூர், காங்கேயம், உடுமலை என்று அடுத்தடுத்த இரவுகளில் மேடையேறியதில் எங்கள் பாடகரின் தொண்டை கட்டிப்போய், சில வாரங்களுக்கு வாயே திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்போது எங்கள் குழுவின் மூத்த கீபோர்டு கலைஞர், “அயர்ன் மெய்டன்காரர்கள் ஓராண்டுக்குள் ஏறத்தாழ இருநூறு மேடை ஏறியவர்கள், அதற்குப் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் படியுங்கள்” என்றார்.

தேடியதில் இந்த பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் ராக் குழுவின் ஆல்பங்களின் வரிசையும் உறுப்பினர் பட்டியலும் கிடைத்தனவே தவிர, நான் அறிய விரும்பியது கிடைக்கவில்லை. வானொலியின் தயவு பெரிதாக இல்லாமலேயே இவர்கள் எப்படிப் பெரிய அரங்குகளை நிரப்பினார்கள்? தொடக்க ஆண்டுகளில் ஆளை மாற்றிக்கொண்டே இருந்ததற்கும் ஓயாத பயணத்துக்கும் தொடர்பு உண்டா? 1990-களில் அவர்கள் சரிந்தது ஊர் ஊராய் அலைந்த களைப்பாலா, வேறு காரணத்தாலா? 2007-இல் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நடந்த அவர்கள் நிகழ்ச்சிக்குச் சென்று வந்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிப்பேன்.

டவுன்ஹால் கேசட் (கோவை) எழுதியது:

தம்பிக்கு வணக்கம். உங்கள் முதல் கேள்விக்கான விடை அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கும் முன்னால் இருப்பதால், கொஞ்சம் பின்னே போய்த் தொடங்குகிறேன்.

கிழக்கு லண்டனைச் சேர்ந்த லெய்ட்டன் பகுதியில் 1975 டிசம்பர் 25 அன்று இக்குழுவைத் தொடங்கியவர் ஸ்டீவ் ஹாரிஸ். உங்களைப் போலவே பேஸ் கிட்டார் கலைஞர். கட்டட வரைபடம் வரைவது அவருடைய பிழைப்பு. கார்ட் அண்ட் ஹார்சஸ், ரஸ்கின் ஆர்ம்ஸ் போன்ற மதுக்கூடங்களின் மூலையில் இருந்த சிறு மேடைகளில்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாசித்தார்கள். அது பங்க் என்ற எளிய, முரட்டு ராக் இசை கொடிகட்டிப் பறந்த காலம். முடியை வெட்டிக்கொண்டு பங்க் வாசிப்பதாக இருந்தால் வாருங்கள் என்று அவர்களுக்கு அறிவுரை சொன்னவர்களும் உண்டு. ஹாரிஸ் அதற்கு இணங்கவில்லை.

1978 டிசம்பர் 30, 31 ஆகிய இரண்டு நாட்களில் கேம்பிரிட்ஜில் உள்ள ஸ்பேஸ்வார்ட் ஸ்டுடியோவில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். மூல ஒலிநாடாவை விலை கொடுத்து வாங்கக் கையில் பணம் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பணத்தைத் திரட்டிக்கொண்டு போனபோது அந்த நாடா அழிக்கப்பட்டிருந்தது. பிரதி மட்டுமே மிஞ்சியது. அந்தப் பிரதியைத்தான் லண்டனின் கிங்ஸ்பரி பகுதியில் மெட்டல் இசைக்கென்றே ஒரு கூடத்தில் இசைத்தட்டு சுழற்றிக்கொண்டிருந்த நீல் கே என்பவரிடம் கொடுத்தார்கள். அங்கே வருபவர்கள் கேட்டு வாங்கும் பாடல்களின் பட்டியல் ‘சவுண்ட்ஸ்’ வார இதழில் அச்சாகி வந்தது. இவர்களுடைய பாடல் அதில் முதலிடத்துக்கு ஏறியது. 1979 நவம்பரில் அதே பதிவிலிருந்து மூன்று பாடல்களை எடுத்து, 5,000 இசைத்தட்டுகளாக அச்சடித்து அஞ்சல் வழியே விற்றுத் தீர்த்தார்கள். மேலாளராக ராட் ஸ்மால்வுட் வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். டிசம்பரில் ஈ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது.

வானொலி கதவைத் திறப்பதற்கு முன்பே, நேரில் வந்து கேட்ட கூட்டம் அவர்களுக்குச் சேர்ந்துவிட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. 1980 தொடக்கத்தில் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்டபோது, பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க மாட்டோம், நேரடியாகவே வாசிப்போம் என்று பிடிவாதமாக நின்று அப்படியே வாசித்தார்கள். 1972-இல் ‘தி ஹூ’ குழு வாசித்ததற்குப் பிறகு அந்த மேடையில் யாரும் அப்படி வாசித்திருக்கவில்லை. ஏப்ரலில் வெளிவந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் 4-ஆம் இடம் பிடித்தது. அதே ஆண்டில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவுக்கு முன்னால் பிரிட்டனிலும், கிஸ் குழுவுக்கு முன்னால் ஐரோப்பாவிலும் துணைக்குழுவாக மேடையேறினார்கள். தலைமைக் குழுவைப் பார்க்க வந்த கூட்டத்தை அரை மணி நேரத்தில் தம் பக்கம் இழுக்கும் வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆள் மாற்றங்கள் எல்லாமே பயணத்தால் நேர்ந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான இரண்டும் அப்படித்தான். முதல் இரண்டு ஆல்பங்களில் பாடிய பால் டியானோவின் குரலில் ஒரு தெருமுனை முரட்டுத்தனம் உண்டு. அதை இன்றும் விரும்புகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் குடியும் போதையும் சேர்ந்துகொள்ள, மாதக்கணக்கில் நீளும் பயணத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை, நிகழ்ச்சிகள் ரத்தாயின. 1981-இல் அவரை விலக்கிவிட்டு, சாம்சன் குழுவில் பாடிக்கொண்டிருந்த புரூஸ் டிக்கின்சனைக் கொண்டுவந்தார்கள். 1982-இல் வந்த ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதற்கான சுற்றுப்பயணத்தில் 180-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். அது முடிந்த கையோடு டிரம்ஸ் கலைஞர் கிளைவ் பர் வெளியேறினார். அவருக்குப் பதிலாக வந்த நிக்கோ மெக்பிரைன், முன்பு இவர்களோடு ஊர் ஊராகச் சுற்றிய டிரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழுவில் வாசித்தவர். டிக்கின்சனையும் இங்கிலாந்தின் 1981 ரெடிங் இசை விழா மேடையில் பாடக் கேட்ட பிறகே தேர்ந்தெடுத்தார்கள். மேடையில் தாக்குப்பிடிப்பவரா என்று நேரில் பார்த்து ஆள் எடுக்கும் இந்த வழக்கம்தான் பிற்பாடு அவர்களைக் காப்பாற்றியது.

இனி, உங்கள் கீபோர்டு கலைஞர் சொன்ன அந்தப் பயணம். ‘பவர்ஸ்லேவ்’ ஆல்பத்துக்காக 1984 ஆகஸ்ட் 9 அன்று போலந்தின் வார்சாவில் தொடங்கி, 1985 ஜூலை 5 அன்று கலிபோர்னியாவில் முடிந்தது. கணக்கிட்டால் 331 நாட்கள்; நிகழ்ச்சிகள் ஏறத்தாழ 190. அதாவது ஐந்து நாட்களில் மூன்று நாள் மேடை, மீதி நாட்களில் பெரும்பகுதி சாலை. இதில் பாடகரின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். கிட்டார்காரருக்கு விரல் வலித்தால் ஒரு துணுக்கை எளிதாக்கி வாசித்துவிட்டுப் போகலாம். டிக்கின்சன் பாடும் உச்சத்தில் எளிதாக்க ஒன்றும் கிடையாது. பயணம் முடிந்ததும் ஆறு மாத ஓய்வு வேண்டும் என்று குழுவினரே வற்புறுத்தினார்கள். அது நான்கு மாதமாகச் சுருங்கியது. இனி பாடவே வேண்டாம் என்னும் அளவுக்குத் தாம் சோர்ந்துபோயிருந்ததாக டிக்கின்சன் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆல்பத்துக்காக அவர் ஒலிபெருக்கி இல்லாத கிட்டாருக்கேற்ற மென்மையான பாடல்களை எழுதிக்கொண்டு வந்தார், மற்றவர்கள் ஏற்கவில்லை. 1986-இல் வெளிவந்த ‘சம்வேர் இன் டைம்’ ஆல்பத்தில் பாடலாசிரியராக அவர் பெயர் ஓரிடத்திலும் இராது. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் கிட்டார் கலைஞர் ஏட்ரியன் ஸ்மித். அவரும் 1990-இல் விலகினார். டிக்கின்சன் 1993-இல் விலகினார். இந்த இரண்டு விலகல்களுக்கும் விதை அந்த 331 நாட்களில் விழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

பெருந்துறை ஒலி எழுதியது:

டவுன்ஹால் அண்ணன் எழுதிய வரலாற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசி முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. கூம்பு ஸ்பீக்கர் காலத்திலிருந்து ஒலியமைப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், மேடைக்குக் கீழே நின்று பார்த்தால் இந்தக் கதை எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

அந்தப் பயணம் வார்சாவில் தொடங்கியது என்று அண்ணன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1984-இல் போலந்து கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்தது. மேற்கத்திய ராக் குழுக்கள் அங்கே அரிதாகப் போனபோதும், பாதி மேடையோடும் கிடைத்த ஒலிபெருக்கியோடும் ஒப்பேற்றிவிட்டு வருவதே வழக்கமாக இருந்தது. இவர்களோ எகிப்தியக் கோயில் போல அமைத்த மேடையை, பின்திரை, விளக்கு எதையும் விடாமல் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போய், வார்சா, லோட்ஸ், போஸ்னான், விரோட்ஸ்வாஃப், கட்டோவிட்சே என்று ஐந்து நகரங்களில் முழுமையாகவே நடத்திக் காட்டினார்கள். போஸ்னானில் ஒரு திருமண விருந்துக்குள் நுழைந்து அங்கிருந்த வாத்தியங்களை வாங்கி வாசித்ததைக்கூடப் படமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். 1985 ஜனவரி 11 அன்று, அமெரிக்கப் பயணத்துக்கு நடுவே பறந்துபோய், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் நடந்த இசை விழாவில் குயீன் குழுவுக்கு முன்னால் லட்சக்கணக்கானோர் முன்னிலையில் வாசித்தார்கள். தென் அமெரிக்காவில் அவர்களுக்கு இருக்கும் கூட்டம் அந்த ஓர் இரவில் முளைத்ததுதான். 2001 ஜனவரி 19 அன்று அதே ரியோ விழாவுக்கு, இம்முறை தலைமைக் குழுவாக, அவர்கள் திரும்பியபோது ஏறத்தாழ 2.5 லட்சம் பேர் திரண்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அவர்களுடைய மதிப்பு இறங்கிப்போனபோது, பிடித்து நிறுத்தியது இத்தகைய தொலைதூரக் கூட்டங்கள்தாம். 331 நாட்கள் பாடகரின் தொண்டையைத் தின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அந்த நாட்கள் இல்லாவிட்டால் திரும்பி வருவதற்கு அவர்களுக்கு ஓர் இடமும் இருந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து, பயணத்துக்கென்றே அவர்கள் வாடகைக்கு எடுத்த விமானத்தைப் பற்றி. பலரும் அதை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். அது கணக்குப் பார்த்துச் செய்த வேலை. எங்கள் வண்டியில் ஏற்றும் முறையை வைத்து விளக்கினால் எளிதில் புரியும். இறக்கியதும் எது முதலில் வேண்டுமோ அதைக் கடைசியில் ஏற்றுவோம்: பேஸ் பெட்டிகள் உள்ளே, ஆம்ப் ரேக் நடுவில், கரன்ட் எடுக்கும் கேபிள் பெட்டி கதவோரம். கேபிள் பெட்டி உள்ளே மாட்டிக்கொண்டால், ஆட்கள் அத்தனை பேரும் இருந்தும் முதல் அரை மணி நேரம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் போவதற்கே இந்தப் பாடு என்றால், மும்பையிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் போவதை எண்ணிப் பாருங்கள். கருவிகளைச் சரக்கு விமானத்தில் அனுப்பி, ஆட்களைப் பயணிகள் விமானத்தில் அனுப்பி, இரண்டும் ஒரே நாளில் வந்து சேருமா என்று காத்திருந்தால், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஜப்பானும் தென் அமெரிக்காவும் ஒரே பயணத்தில் கட்டுபடியாகாது.

டிக்கின்சன் இதற்குள் முறையாக உரிமம் பெற்று ஒரு விமான நிறுவனத்தில் கேப்டனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். 2008-இல் ஒரு போயிங் 757 விமானத்தை வாடகைக்கு எடுத்து, பின்பகுதி இருக்கைகளைக் கழற்றி, ஏறத்தாழ 12 டன் பொருள் ஏற்றும்படி மாற்றினார்கள். குழு, பணியாளர்கள், கருவிகள், மேடை அலங்காரம் எல்லாம் ஒரே விமானத்தில், ஓட்டுபவர் பாடகர். பெரிய அரங்குக்கான ஒலிபெருக்கி வரிசை முழுவதும் 12 டன்னில் அடங்காது என்பது தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். ஆகவே எதை அங்கங்கே வாடகைக்கு எடுப்பது, எதைக் கையோடு கொண்டுபோவது என்று பிரித்துப் பார்த்ததில்தான் அந்தத் திட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. பிப்ரவரி 1 அன்று மும்பையில் முதல் நிகழ்ச்சி, 4 அன்று பெர்த்தில் அடுத்தது. அந்த முதல் சுற்றில் 45 நாட்களில் ஏறத்தாழ 50,000 மைல் பறந்தார்கள்.

2016-இல் இன்னும் பெரிய 747 விமானத்துக்கு மாறினார்கள். அந்த ஆண்டு மார்ச் 12 அன்று சிலியின் சாந்தியாகோ விமான நிலையத்தில் இழுவை வண்டி மோதியதில் இரண்டு என்ஜின்கள் சேதமடைந்தன, தரைப் பணியாளர் இருவர் காயமடைந்தார்கள். ஆனாலும் வேறு விமானங்களைப் பிடித்துப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். என்ஜின்களை மாற்றிய பிறகு அதே 747 மீண்டும் வந்து சேர்ந்துகொண்டது.

பெங்களூரு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2007 மார்ச் 17, அரண்மனை மைதானம். ஈரோட்டிலிருந்து நாங்கள் சிலர் ரயிலேறிப் போனோம். எனக்கு நினைவில் நிற்பது ஒலியமைப்புதான். திறந்தவெளியில் அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் ஹாரிஸின் பேஸ் கிட்டார் நரம்பில் விரல் பட்டு எழும் ‘டக் டக்’ என்ற ஓசை தனியாகக் கேட்டது. நம்மூரில் பேஸ் என்றால் நெஞ்சு அதிர வேண்டும் என்று கீழ் ஒலியை மட்டும் ஏற்றிவிடுவார்கள். வாசிப்பவர் எந்த ஸ்வரத்தில் இருக்கிறார் என்பதே தெரியாது. நீங்கள் பேஸ் வாசிப்பவர் என்பதால் இதைச் சொல்கிறேன்: அடுத்த முறை மிக்சரில் இருப்பவரிடம் நடு ஒலியைக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மிக்சர் விஷயத்தை உடனே எங்கள் ஒலியமைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். 1990-களைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? அந்தக் காலப் பாடகர் பிளேஸ் பெய்லியை இணையத்தில் எல்லோரும் ஒரே குரலில் திட்டுகிறார்கள். அது நியாயமானதா என்று அறிய விரும்புகிறேன்.

சென்னிமலை நாதம் எழுதியது:

அது நியாயமில்லை என்று சொல்லவே இந்த இழைக்குள் வந்தேன். மெல்லிசை மேடைகளில் நெடுங்காலம் பாடியவன் என்பதால், பெய்லியின் இடத்தில் நின்று பார்க்க எனக்குச் சிரமமில்லை.

1993 ஆகஸ்ட் 28 அன்று பைன்வுட் ஸ்டுடியோவில், ஒரு மாயவித்தைக்காரரையும் மேடையில் வைத்துக்கொண்டு, டிக்கின்சனின் விடைபெறும் நிகழ்ச்சி நடந்தது. 1994-இல் வுல்ஃப்ஸ்பேன் குழுவிலிருந்து பெய்லி வந்தார். அவருடையது இயல்பிலேயே கனமான, கீழ்நிலைக் குரல். 1995-இல் வந்த ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ அந்தக் குரலுக்கென்றே எழுதப்பட்ட ஆல்பம். அதில் உள்ள இருண்ட, நிதானமான பாடல்களில் அவர் நன்றாகவே பொருந்துகிறார். நான் இரவில் தனியாகக் கேட்பது பெரும்பாலும் இந்த ஆல்பத்தைத்தான். சிக்கல் மேடையில் வந்தது. புதிய பாடல்கள் முடிந்ததும், டிக்கின்சனின் உச்சக் குரலுக்காக அமைந்த பழைய பாடல்களையும் இரவுதோறும் அவர் பாட வேண்டியிருந்தது, அதுவும் அதே சுருதியில். நம் மேடைகளில் பாடகர் மாறினால் முதலில் கேட்கும் கேள்வியே “எத்தனை கட்டை?” என்பதுதான். வேண்டுமானால் ஒரு கட்டை இறக்கிக்கொண்டு பாடுவோம். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது, கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு வித்தியாசமே தெரியாது. அயர்ன் மெய்டன் சுருதியை இறக்கவில்லை. கிட்டார் ஒலியின் தன்மை கெட்டுவிடும் என்று எண்ணினார்களோ, பிடிவாதமோ, எதுவாக இருந்தாலும் விலையைக் கொடுத்தது பெய்லியின் தொண்டை. 1996-லும் 1998-லும் குரல் கட்டியும் ஒவ்வாமையாலும் நிகழ்ச்சிகள் ரத்தாயின. முன்பு பெரிய அரங்குகளை நிரப்பிய அமெரிக்காவில் சிறு கூடங்களில் வாசிக்கும் நிலை வந்தது. அதற்குக் காரணம் அவர் மட்டுமல்ல, அன்று அங்கே கிரஞ்ச் என்ற புதிய ராக் இசை வந்து பழைய மெட்டல் குழுக்கள் அத்தனையையும் ஓரங்கட்டியிருந்தது.

டவுன்ஹால் அண்ணன் 331 நாட்களைக் குற்றம் சொன்னார், பெருந்துறைக்காரர் அதற்கு எதிராகப் பேசினார். எனக்குத் தோன்றுவது வேறு. பயணத்தின் நீளத்தைவிட, யார் பாடினாலும் அதே வேகம், அதே சுருதி, அதே அட்டவணை என்று இருந்ததுதான் சேதம் செய்தது. டியானோ, டிக்கின்சன், பெய்லி மூவருக்கும் மூன்று விதமான தொண்டை. மூவருக்கும் ஒரே நாட்காட்டி.

1999-இல் டிக்கின்சனும் ஏட்ரியன் ஸ்மித்தும் திரும்பி வந்தார்கள். ஸ்மித்துக்குப் பதிலாக வந்திருந்த ஜானிக் கெர்ஸை அனுப்பிவிடாமல் மூன்று கிட்டார்களோடு தொடர்ந்தார்கள்; 2000-இல் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ வந்தது. அதற்குப் பிறகு அவர்களுடைய நாட்காட்டியே மாறிவிட்டது. 2018-இல் தொடங்கிய ‘லெகசி ஆஃப் தி பீஸ்ட்’ பயணத்தில், கொரோனா இடைவெளியையும் சேர்த்து 2022 வரை ஏறத்தாழ 140 நிகழ்ச்சிகள்தாம். 1982-இல் ஓராண்டுக்குள் செய்ததைவிட அது குறைவு. 2014 இறுதியில் டிக்கின்சனுக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2015 மே மாதம் குணமானதாக அறிவித்த பிறகும், பாடி முடித்த ஆல்பம் கையில் தயாராக இருந்தும், 2016 பிப்ரவரி வரை மேடை ஏறாமல் காத்திருந்தார்கள். 1985-இல் இருந்த அதே குழு இப்படிக் காத்திருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். உங்கள் பாடகருக்கு மருத்துவர் சொன்ன ஓய்வை முழுவதுமாகக் கொடுங்கள் தம்பி. இரண்டு திருவிழா ஒப்பந்தம் போனால் அடுத்த ஆண்டு பிடித்துக்கொள்ளலாம்.

கருப்பு பனியன் (திருப்பூர்) எழுதியது:

வணக்கம். எல்லோரும் குரலைப் பற்றியே எழுதியிருப்பதால், இந்தக் குழு வண்டிச் செலவுக்குப் பணம் பார்த்த வழியைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். திருப்பூரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

முதல் ஆல்பத்திலிருந்தே அட்டையில் குழுவினரின் முகம் வராது. டெரெக் ரிக்ஸ் வரைந்த ‘எட்டி’ என்ற பிண முகம்தான் வரும். ஆல்பத்துக்கு ஆல்பம் அவன் கோலம் மாறும்: ஒருமுறை எகிப்திய அரசன், ஒருமுறை பைத்தியக்கார விடுதியில் சங்கிலியோடு, ஒருமுறை எதிர்கால நகரத்தில் துப்பாக்கியோடு. ஆள் மாறினாலும் முகம் மாறாது என்பது வியாபாரத்தில் எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள். பாடகர் மூன்று முறை மாறியும் பனியனில் இருந்த படம் செல்லாக்காசாகவில்லை. பயணத்துக்குப் பயணம் முன்பக்கம் புதிய எட்டி, முதுகில் ஊர்களும் தேதிகளும் வரிசையாக அச்சிட்ட பட்டியல். வானொலி ஒலிபரப்பாத பாட்டுக்கு, அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தவர்கள்தாம் விளம்பரம்.

அதை அச்சிடுவது எளிய வேலை அல்ல. கருப்புத் துணியில் நேரடியாக வண்ணம் போட்டால் மங்கிவிடும் என்பதால் முதலில் வெள்ளை அடிவண்ணம் அடித்து, அது காய்ந்த பிறகே மற்ற வண்ணங்களை ஒவ்வொரு ஸ்கிரீனாக ஏற்ற வேண்டும். எட்டியின் தலைமுடி ஓர் இழை விலகினாலும் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். அந்தப் பீஸ் செக்கிங்கில் கழிந்துவிடும். முதுகுப் பட்டியலில் சிறிய எழுத்துகள் அடைத்துக்கொள்ளாமல் வர வேண்டும் என்றால் ஸ்கிரீனின் கண் நெருக்கமாக இருக்க வேண்டும். உரிமை இல்லாமல் இந்தப் படத்தை அடித்துத் தரச் சொல்லி அவ்வப்போது ஆள் வருவார்கள், நான் எடுப்பதில்லை. எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதன் தரத்தை நடைபாதைக் கடைகளில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பெருந்துறை ஒலி அவர்களுக்கு ஒரு கேள்வி: நிக்கோ ஓய்வு பெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன், உண்மைதானா?

பெருந்துறை ஒலி எழுதியது:

உண்மைதான். 2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. டிரம்ஸ்காரருக்கு வலக்கை போனால் மிச்சம் என்ன என்று உங்களுக்கே தெரியும். அப்படியிருந்தும் விடாமல் பயிற்சி செய்து, மே 28 அன்று ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் பயணம் தொடங்கியபோது டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்பு அநாயாசமாகப் போட்ட சில உருட்டல்களைச் சுருக்கித்தான் வாசிக்க முடிந்தது. அதை அவரே மறைக்காமல் சொன்னார். 2024 டிசம்பர் 7 அன்று பிரேசிலின் சாவ் பாலோவில் வாசித்ததோடு பயணத்திலிருந்து விலகிக்கொண்டார். ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகள். அவர் இடத்துக்கு வந்த சைமன் டாசன், ஹாரிஸ் ஓய்வு மாதங்களில் சிறு கூடங்களில் நடத்திவரும் பிரிட்டிஷ் லயன் என்ற குழுவின் டிரம்ஸ் கலைஞர். ஆக, இப்போதும் சாலையில் பார்த்துத்தான் ஆள் எடுத்திருக்கிறார்கள். 2025 மே 27 அன்று புடாபெஸ்டில் ஐம்பதாம் ஆண்டுப் பயணம் அவரோடு தொடங்கியது. பெரிய குழுவுக்கு விடுமுறை விட்டால் சின்னக் குழுவோடு கிளம்பிவிடும் ஹாரிஸை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டவுன்ஹால் கேசட் எழுதியது:

சென்னிமலையார் சொன்ன நாட்காட்டிக் கணக்கு என் கணக்கைவிடப் பொருத்தமானது, ஏற்கிறேன். 331 நாட்களைப் பற்றிய என் வருத்தம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

நொய்யல்கரைத் தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன். அந்தப் பயணத்தில் பதிவான ‘லிவ் ஆஃப்டர் டெத்’ நேரடி ஆல்பத்தை உங்கள் பாடகரோடு உட்கார்ந்து கேளுங்கள். இரட்டை இசைத்தட்டாக வந்தபோது அதன் முதல் மூன்று பக்கங்கள் 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் பதிவானவை. நான்காம் பக்கம் மட்டும் அதற்கு ஐந்து மாதம் முந்தைய, 1984 அக்டோபரில் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனில் பதிவானது. இணையத்தில் வரிசையாக ஓட விட்டால் இந்த வேறுபாடு தெரியாது. நான்காம் பக்கத்து ஐந்து பாடல்களை முதலில் கேட்டுவிட்டு, பிறகு லாங் பீச் பகுதிக்கு வாருங்கள். டிக்கின்சன் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த வரியைக் கூட்டத்திடம் பாடக் கொடுத்துவிட்டுத் தொண்டைக்கு ஓய்வு எடுத்துக்கொள்கிறார் என்பதை உங்கள் பாடகர் குறித்துவைக்கட்டும். அடுத்த திருவிழாவுக்குள் அந்தக் குறிப்பை இங்கே போட்டால், சென்னிமலையார் பார்த்துச் சொல்வார்.